நான் என் மகளை அண்டர்மைன் பண்ணிய கதை

1

ஊரில் எல்லோரும் சௌக்கியமாக இருப்பீர்கள். நாங்களும் சௌக்கியம்தான், ஒரு சின்ன விவகாரத்தைத் தவிர. நியூஸிலாந்தில், கிறைஸ்ட்சர்ச் என்ற இந்தக் குளிர்ந்த ஊரில், ஓர் ஆரம்பப் பள்ளியின் கோப்பில் என் பெயர் ஏறிவிட்டது. திருட்டு இல்லை, அடிதடி இல்லை. பெற்ற மகளை நான் 'அண்டர்மைன்' பண்ணுகிறேனாம்.

நாங்கள் இங்கே வந்து நான்கு வருஷம் நிறைந்த வாரத்தில்தான் அந்தக் கடிதம் வந்தது. என் மனைவி சுமதி அன்றைக்குக் கேசரி கிண்டியிருந்தாள். ஒரு நாட்டில் நாலு வருஷம் யாரும் துரத்திவிடாமல் இருந்ததைக் கொண்டாட வேண்டாமா? ஒரு கையில் கேசரித் தட்டும் மறு கையில் கடிதமுமாக நின்றபடியே படித்தேன். நல்ல தாள். ஆரம்பத்தில் இரண்டு வரி குசலம். நடுவில் விஷயம்: 'இதுபோன்ற கருத்துகள் பிருந்தாவின் தன்னம்பிக்கையை அண்டர்மைன் செய்யக்கூடும் என்று கவலைப்படுகிறோம்.' கீழே வகுப்பாசிரியை மிஸஸ் ப்ரைஸின் கையெழுத்து. பிருந்தா எங்கள் ஒரே மகள். பத்து வயது.

"என்னங்க, கார் ஃபைனுங்களா?" என்று சுமதி சமையலறையிலிருந்து கேட்டாள். இங்கே தபாலில் நல்ல சேதி வந்து அவள் பார்த்ததில்லை.

"ஃபைன் இல்ல. என்னைத் திட்டி எழுதியிருக்காங்க."

"திட்டியா? இத்தனை மரியாதையாவா?" என்று கடிதத்தை வாங்கிப் பார்த்தாள். மூன்று முறை படித்துவிட்டு, "எனக்கென்னமோ இதுல திட்டு எங்க இருக்குதுன்னே தெரியலைங்க" என்றாள். கோயமுத்தூர்க்காரர்களைவிட மரியாதையாகத் திட்டுகிறவர்கள் உலகத்தில் இருக்க முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டோம்.

2

அந்த வினைச்சொல் எனக்குப் புதிதல்ல. அதைச் சொல்ல என் தொழிலைச் சொல்ல வேண்டும். கோயமுத்தூரில், கணபதிப் பக்கம் ஒரு பட்டறையில் பன்னிரண்டு வருஷம் பம்புசெட்டு பிரித்துப் பூட்டியவன் நான். இங்கேயும் அதே வேலைதான். பண்ணைகளுக்கு வேனில் போய் பம்பு ரிப்பேர் செய்கிறேன். கணபதியில் வேர்வை, இங்கே பனி. மற்றபடி பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளுகிற இம்பெல்லருக்கு இரண்டு ஊரும் ஒன்றுதான்.

வந்த புதிதில், ஆற்றங்கரையில் இருந்த ஒரு பம்பு ஷெட்டைப் பார்க்க முதலாளி கிரெக்கோடு போயிருந்தேன். வெளிப்பார்வைக்கு ஷெட்டில் ஒரு குறையும் இல்லை. சுவர் நேராக நிற்கிறது, தகரக் கூரை பளபளக்கிறது, உள்ளே மோட்டார் ஓடுகிறது. கிரெக் குனிந்து அடியில் பார்த்துவிட்டு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "ஆறு இதை அண்டர்மைன் பண்ணிடுச்சு" என்றார். நானும் குனிந்து பார்த்தேன். கான்கிரீட் தளத்துக்குக் கீழே மண்ணே இல்லை. தண்ணீர் தினம் கொஞ்சமாகத் தின்றிருக்கிறது. உள்ளே நின்று வேலை பார்த்துக்கொண்டிருந்த நாங்கள் இரண்டு பேரும் சத்தம் போடாமல் வெளியே வந்தோம்.

அப்படிப்பட்ட சொல் பள்ளிக்கூடக் கடிதத்தில் என்ன செய்கிறது என்று எனக்குப் புரியவில்லை. கோயமுத்தூரிலிருந்து புடவைகளுக்கு நடுவே சுற்றிக் கொண்டுவந்த அகராதியை எடுத்தேன். முதல் அர்த்தம், கோட்டைச் சுவருக்கு அடியில் தோண்டி அதைச் சாய்ப்பது. இரண்டாவது அர்த்தம், ஒன்றைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பலவீனப்படுத்துவது. எதையெல்லாம் பலவீனப்படுத்தலாம் என்று பட்டியலும் இருந்தது. அதிகாரம், உடல்நலம், நம்பிக்கை, அரசாங்கம். மகள் என்று போடவில்லை. அதில் ஒரு சின்ன நிம்மதி.

தமிழில் 'குழி பறிப்பது' என்று நம்மிடமும் ஒன்று இருக்கிறதே என்று யோசித்தேன். ஆனால் நம் ஊரில் குழி பறிக்கிறவன் வேண்டுமென்றே பறிக்கிறவன். பங்காளி, ஆபீஸில் பக்கத்து நாற்காலிக்காரன், அந்த வகையறா. இந்த ஆங்கிலச் சொல்லுக்கு அந்தக் கெட்ட எண்ணம் தேவைப்படவில்லை. ஆறு அந்த ஷெட்டின் மேல் கோபப்பட்டா மண்ணைத் தின்றது? அது பாட்டுக்கு அது போய்க்கொண்டிருந்தது. அப்படியானால் ஒருவன் நல்ல மனசோடு, பாசத்தோடு, தன் பாட்டுக்குப் போய்க்கொண்டே ஒருத்தியை அண்டர்மைன் பண்ண முடியும். இதைப் புரிந்துகொண்டபோது கேசரி ஆறிப்போயிருந்தது.

அந்த வாரமே சுமதி இந்தச் சொல்லைக் குடும்பத்தில் சேர்த்துக்கொண்டாள். நான் சாம்பாரில் தண்ணீர் ஊற்றினால், "அண்டர்மைன் பண்ணாதீங்க." அவள் சொன்ன கடைக்குப் போகாமல் வேறு கடைக்குப் போனால், "என்னைய அண்டர்மைன் பண்றீங்க." பிருந்தா மட்டும் சிரிக்கவில்லை. "அம்மா, சாம்பாருக்கு அப்படிச் சொல்ல மாட்டாங்க. டைல்யூட்னு சொல்லணும்" என்று திருத்திவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள்.

3

குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன்.

கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளைகளை வாரத்தில் ஒருநாள் வேறொரு பள்ளிக்குக் கூட்டிப்போய்த் தனியாகச் சொல்லித்தருகிற ஒரு வகுப்பு இங்கே உண்டு. அதற்குப் பிருந்தாவின் பெயரை மிஸஸ் ப்ரைஸ் தானாகவே கொடுத்திருந்தார். பெற்றோர் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். ஒரே கேள்வி: 'உங்கள் குழந்தையின் சிறப்புத் திறமைகள் யாவை?' பதிலுக்கு மூன்று கோடு.

நான் நல்ல பேனாவை எடுத்து, நல்ல கையெழுத்தில், இப்படி எழுதினேன்: 'பெரிதாக ஒன்றும் இல்லை. ஏதோ கொஞ்சம் கணக்குப் போடுவாள். கவனம் போதாது. நீங்கள்தான் பார்த்துத் திருத்த வேண்டும்.'

சிரிக்காதீர்கள். நீங்களும் இதையேதான் எழுதியிருப்பீர்கள். நம் பக்கத்தில் யாராவது நம்முடையதை நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டால் அந்த நிமிஷமே அதற்கு ஒரு குறை கண்டுபிடித்துச் சொல்வதுதானே மரியாதை? என் அக்கா ஆர்.எஸ்.புரத்தில் ஐந்து கடை ஏறி இறங்கி, ஒரு பகல் முழுக்கச் செலவழித்துப் பட்டுப்புடவை எடுப்பாள். கல்யாண வீட்டில் யாராவது, "சேல நல்லா இருக்குதுங்க" என்றால், "அட, இது கெடக்குதுங்க, கையில கெடைச்சத உருவிக் கட்டிட்டு வந்தேன்" என்பாள். ஃபவுண்டரியில் இரும்பு வார்க்க மண் அச்சுப் பிடிக்கிற மோல்டராக இருந்து, மண்ணிலும் கரியிலும் முப்பது வருஷம் உழைத்து, அப்பா கணபதியில் ஒரு மாடி வீடு கட்டினார். கிரகப்பிரவேசத்துக்கு அழைக்கப் போன இடத்திலெல்லாம், "ஒரு குடிசை போட்டிருக்கறனுங்க, வந்துட்டுப் போங்க" என்றுதான் சொன்னார். வந்தவர்கள் யாரும் குடிசையைத் தேடவில்லை.

பொருளுக்கே இப்படி என்றால் பிள்ளைகளுக்குக் கேட்க வேண்டுமா? நான் பத்தாம் வகுப்பில் பள்ளியிலேயே முதலாவதாக வந்தபோது தெருவில் ஒருவர் அப்பாவை நிறுத்தி விசாரித்தார். அப்பா, "எப்படியோ பாஸ் பண்ணிப்போட்டானுங்க, பேப்பர் திருத்துனவங்களுக்கு என்ன அவசரமோ" என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன். எனக்கு வருத்தமே இல்லை என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

மிஸஸ் ப்ரைஸுக்கு இந்த ஏற்பாடு எதுவும் தெரியாது. அந்த அம்மாள் எழுத்துக்கு எழுத்து நம்பிவிட்டார். அதற்கு முன்பு ஒருநாள் பள்ளியில் பெற்றோரைச் சந்தித்தபோது, "உங்கள் மகள் அபாரமான பெண்" என்று அவர் சொல்ல, நான் பதறிப்போய், "ஐயோ, வீட்டில் சுத்தச் சோம்பேறி" என்று சொல்லியிருந்தேன். பிருந்தா என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அதையும் குறித்து வைத்திருந்திருக்கிறார். இரண்டையும் சேர்த்துப் பார்த்த அந்த வகுப்புக்காரர்கள், வீட்டிலேயே ஊக்கம் இல்லாத பிள்ளைக்கு இது பாரமாகிவிடும் என்று முடிவு செய்து, அவள் இடத்தை வேறொரு பையனுக்குக் கொடுத்துவிட்டார்கள். பிப்ரவரியில் மறுபடி விண்ணப்பிக்கலாம் என்று புதுப் படிவமும் கடிதத்தோடு வந்திருந்தது.

4

எனக்கும் சுமதிக்கும் கல்யாணம் நடந்ததே இந்த வினைச்சொல்லால்தான். அப்போது அதன் பெயர் எங்களுக்குத் தெரியாது.

சுமதிக்குச் சொந்த ஊர் காவிரிக்கரைக் கொடுமுடி. பெண் பார்க்கப் போனோம். பஜ்ஜி வந்தது, அவள் வந்தாள், போனாள். பெரியவர்கள் பேச ஆரம்பித்தார்கள். அவள் அப்பா முதலில் ஆட்டத்தைத் தொடங்கினார்.

"புள்ளைக்கு ஒண்ணும் தெரியாதுங்க. எதோ காலேஜுக்குப் போயிட்டு வந்துச்சு. சமையல் சுத்தமா வராதுங்க."

புள்ளை கல்லூரியில் தங்கப் பதக்கம் வாங்கியது. அந்த பஜ்ஜியும் அது போட்டதுதான்.

அப்பா விடவில்லை. "நீங்க வேறங்க. எங்க பையன் மட்டும் என்ன பெருசா? பட்டறையில நட்டு முடுக்கற வேலைங்க. இன்னைக்கு இருக்கும், நாளைக்கு இருக்காது."

"கோவம் வேற கொஞ்சம் வருமுங்க புள்ளைக்கு."

"இவனுக்கு வாயே தொறக்காதுங்க. ஊமைன்னு நெனச்சுக்கோங்க."

இப்படியே இரண்டு பேரும் அரைமணி நேரம் தங்கள் தங்கள் பிள்ளையை மண்ணோடு மண்ணாக்கினார்கள். வெளிநாட்டுக்காரர் யாராவது அங்கே இருந்திருந்தால், இந்த இரண்டு ஜீவன்களையும் எப்படியாவது கரையேற்ற வேண்டும் என்று கண்ணீர் விட்டிருப்பார். கடைசியில் என் மாமனார் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களாட்டம் மனுசங்க கெடைக்கணுமுங்களே" என்றார். நிச்சயம் முடிந்தது. ஒருவரும் ஒரு பொய்யும் சொல்லவில்லை என்ற திருப்தியோடு காவிரியைப் பார்த்தபடி திரும்பினோம்.

இந்தப் பழக்கத்தைப் பெட்டியில் கட்டிக்கொண்டு விமானம் ஏறியவன் நான். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் கிரெக் கேட்டார், "பம்பு பற்றி எவ்வளவு தெரியும்?" நான் தலையை ஆட்டிக்கொண்டு, "லிட்டில் பிட், சார். ஏதோ முயற்சி செய்வேன்" என்றேன். ஒரு மாதம் பட்டறையைக் கூட்டச் சொன்னார். கூட்டினேன். பிறகு ஒருநாள், மூன்று பேர் சேர்ந்து கழற்றிப் பார்த்துக் கைவிட்ட பம்பு ஒன்றை, துடைப்பத்தைச் சாய்த்துவிட்டுப் போய் மதியச் சாப்பாட்டுக்குள் ஓட வைத்தேன். கிரெக் என்னையே பார்த்தார்.

"முதல் நாளே கேட்டேனே, ஏன் சொல்லவில்லை?"

"அதை எப்படி சார் நானே சொல்வது?"

கிரெக்குக்கு அது புரியவே இல்லை. அவருக்குப் புரியாதது எனக்கும் புரியவில்லை. மறுநாளிலிருந்து துடைப்பத்தை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டார்.

5

எனக்கு நடந்தது ஒரு மாதத் துடைப்பத்தோடு போயிற்று. பிருந்தாவுக்கு அப்படிப் போகவில்லை.

கடிதம் வந்த அன்றைக்கே அதை அவள் படித்துவிட்டாள். ஆங்கிலக் கடிதத்தை எங்கள் வீட்டில் சரியாகப் படிக்கத் தெரிந்தவள் அவள்தானே. நேராக என்னிடம் வந்தாள்.

"அப்பா, இது நீங்க எழுதுனதா?"

"ஆமா கண்ணு."

"அப்ப நான் கணக்குல நல்லா இல்லையா?"

"அப்படி இல்ல அம்மணி. நீ நல்லாப் போடறதுனாலதான் அப்பா நல்லா இல்லைன்னு எழுதுனேன்."

கணக்குத் தெரிந்த பிள்ளையிடம் இந்த விளக்கம் எடுபடுமா?  "நீங்க எப்பவும் எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொல்றீங்க. ஒரு தடவைகூட மாத்திச் சொன்னதில்ல" என்றாள். நான் யோசித்துப் பார்த்தேன். வாஸ்தவம். அவள் பிறந்ததிலிருந்து ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

நான் வளர்ந்த தெருவில் இந்தப் பேச்சைத் திறக்கிற சாவி எல்லோரிடமும் இருந்தது. அப்பா என்னை மட்டம் தட்டும்போது கேட்கிறவர் கண்ணில் ஒரு சிரிப்பு ஓடும். 'பையன் மேல உசுரா இருக்கறாரு' என்று அர்த்தம். பிருந்தாவுக்கு அந்தத் தெரு இல்லை. அவளிடம் இருந்தது என் வார்த்தை மட்டும்தான், அதை அவள் அகராதி அர்த்தத்தில் எடுத்துக்கொண்டாள். அதில் அவள் தப்பு என்ன இருக்கிறது?

ராத்திரிச் சாப்பாட்டின்போது நானும் அவளும் ஒரு விளையாட்டு விளையாடுவோம். நான் ஒரு எண்ணை நினைத்துக்கொள்வேன். அவள் ஐந்தே கேள்வியில் அதைக் கண்டுபிடிப்பாள். அது நின்றுபோனது. நான் கூப்பிட்டால் "வேண்டாம்ப்பா, தூக்கம் வருது" என்பாள். கணக்கு நோட்டை மேஜையில் விரித்திருக்கும்போது நான் பக்கத்தில் போனால் கையால் மறைத்துக்கொண்டாள். அந்தக் கை எனக்கு ரொம்ப வலித்தது. பட்டறையில் விரல் நசுங்கியபோதுகூட இப்படி வலித்ததில்லை.

பள்ளி மூடுகிற வாரத்தில் மிஸஸ் ப்ரைஸ் சுமதியிடம் இன்னொன்று சொன்னார். பிப்ரவரியில் மறுபடி விண்ணப்பிக்க வேண்டாம் என்று பிருந்தாவே சொல்லிவிட்டாளாம். 'எனக்கு அவ்வளவு கணக்கு வராது' என்றாளாம். கிட்டத்தட்ட அது என் கையெழுத்தில் நான் எழுதிக் கொடுத்ததேதான். ஆற்றங்கரை ஷெட் நினைவுக்கு வந்தது. பிள்ளை நன்றாகத்தான் சாப்பிடுகிறாள், சிரிக்கிறாள், பள்ளிக்குப் போகிறாள். கீழே மண் போய்க்கொண்டிருக்கிறது.

நான் புதுப் படிவத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மூன்று நாளில் ஒரு வரி வந்தது: 'கடவுள் புண்ணியத்தில் பிருந்தா பரவாயில்லாமல் கணக்குப் போடுகிறாள்.' சுமதி எட்டிப் பார்த்துவிட்டு, "அட்மிஷன் கடவுளுக்குங்களா, புள்ளைக்குங்களா?" என்று கேட்டாள். கிழித்துப் போட்டேன். மறு படிவம் வாங்கினேன். பள்ளி அலுவலகத்தில் இருந்த பெண், "இன்னுமா?" என்று கேட்டுக்கொண்டே கொடுத்தாள்.

6

இங்கே பள்ளிக்கு நீண்ட விடுமுறை டிசம்பரில்தான். ஊருக்குப் புறப்பட்டோம். படிவத்தைப் பாஸ்போர்ட்டுகளோடு சுமதி பத்திரமாக வைத்தாள். "அங்க போயி நிதானமா எழுதுங்க. நம்ம ஊர்த் தண்ணி குடிச்சாலாச்சும் கை வருதான்னு பாக்கலாம்" என்றாள்.

விமான நிலையத்துக்கு அக்கா வந்திருந்தாள். நான் பிராயச்சித்தமாக இருக்கட்டும் என்று, பெட்டியைத் தூக்கிக்கொண்டே, "அக்கா, பிருந்தா கணக்குல பயங்கரக் கெட்டிக்காரி" என்றேன். அக்கா சுற்றும் முற்றும் பார்த்தாள். "பேசாம வாடா. ரோட்டுல நின்னுட்டு பெத்த புள்ளயப் பத்திப் பேசறான் பாரு, கண்ணு பட்டுறாது?" என்று என் வாயை அடைத்தாள். நான் சொன்னது பிருந்தாவின் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. காரில் ஏறியதும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கணபதி வீட்டில் அப்பா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். இளைத்திருந்தார். என்னைப் பார்த்ததும், "அங்க சோறே போடறதில்லையா?" என்று கேட்டார். பிருந்தாவைப் பார்த்து, "அப்பாரப் பாக்க வந்தியா அம்மணி?" என்று கையைப் பிடித்துக்கொண்டார். எங்கள் பக்கத்தில் அப்பாவைப் பெற்றவரை அப்பாரு என்றுதான் கூப்பிடுவோம். அந்தச் சொல் அவளுக்குப் பிடித்திருந்தது. இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டார்கள். என்னிடம்தான் அவள் இன்னமும் 'ஓகே', 'சரி' என்ற இரண்டு சொற்களில் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தாள்.

வந்த நாலாம் நாள், காலையில், எதிர்ப் பட்டறை ரங்கசாமி அண்ணன் என்னைப் பார்க்க வந்தார். லேத் வைத்திருப்பவர். சின்ன வயதிலிருந்து என்னைத் தெரிந்தவர். காபி வந்தது.

"ஏனுங்க, பையன் அங்க பெரிய இஞ்சினீருங்களாமா? ஊரே பேசுதுங்க" என்றார் அப்பாவிடம்.

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். எனக்கு வரப்போவது தெரியும். "என்னத்த இஞ்சினீருங்க? மோட்டாரு கழுவற வேலை. இங்க பொழைக்கத் துப்பில்லாம அங்க போயி உக்காந்திருக்கறான். அவனுக்கு என்ன தெரியும்? அவங்க எதோ பாவம் பாத்து வெச்சிருக்கறாங்க."

ரங்கசாமி அண்ணன் வழக்கமான சிரிப்பைக் கண்ணில் வைத்துக்கொண்டு காபியை ஆற்றினார். நானும் சிரித்தேன். சிரிப்பதுதான் என் பங்கு.

அப்போது பிருந்தா எழுந்து நின்றாள். அதுவரை தரையில் உட்கார்ந்து எதையோ வரைந்துகொண்டிருந்தாள்.

"அப்பாரு, ப்ளீஸ், எங்கப்பாவ அண்டர்மைன் பண்ணாதீங்க."

அப்பா என்னைப் பார்த்தார். "என்ன பண்ண வேண்டாங்குது?"

யாரும் மொழிபெயர்க்கவில்லை. அவளே தொடர்ந்தாள். முகமெல்லாம் சிவந்துவிட்டது. தமிழ் தடுக்கியது, ஆனாலும் விடவில்லை. "அவரு மோட்டார் கழுவல. ஒரு நாள் ஸ்னோ வந்துச்சு. ஒரு ஃபார்ம்ல தண்ணி நின்னுபோச்சு. ஆயிரம் மாடு இருக்குது அங்க."

"ஆயிரம் மாடுங்களா?" என்றார் ரங்கசாமி அண்ணன், காபியை மறந்து.

"ஆமா. எல்லாம் கத்துச்சு. நான் வேன்ல இருந்தேன். அப்பா ஐஸ் தண்ணியில படுத்துட்டே பம்ப சரி பண்ணாரு. கை எல்லாம் ப்ளூ ஆயிருச்சு. தண்ணி வந்ததும் அந்த ஃபார்ம்காரத் தாத்தா அழுதுட்டாரு. அப்பாவுக்கு எல்லாம் தெரியும். எல்லாரும் அவரத்தான் கூப்புடுவாங்க. அவருக்கு ஒண்ணும் தெரியாதுன்னு ஏன் சொல்றீங்க? அவருக்குக் கஷ்டமா இருக்கும்."

ரங்கசாமி அண்ணன் டம்ளரைக் கீழே வைத்தார்.

அன்றைக்கு வேனில் இருந்தவள் தூங்கிக்கொண்டிருந்தாள் என்றே நான் நினைத்திருந்தேன். இத்தனை நாள் என்னோடு சரியாகப் பேசாத பிள்ளை, எனக்காக எழுந்து நின்று, சரளமாக வராத பாஷையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து, பெரியவர் முகத்துக்கு நேராகப் பேசுகிறாள். என் முப்பத்தெட்டு வயதில் அந்த வீட்டுக்குள் என்னை யாராவது சத்தமாக நல்லவன் என்று சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு வருத்தமே இருந்ததில்லை என்று மேலே சொன்னேன் அல்லவா? அது பொய். பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த அன்றைக்கு வருத்தமாக இருந்தது. இருபத்திரண்டு வருஷம் கழித்து, காபி டம்ளரைப் பிடித்துக்கொண்டு, அது வருத்தம்தான் என்று எனக்குத் தெரிந்தது.

7

ரங்கசாமி அண்ணன் நாசூக்கானவர். "அப்ப வாரனுங்க" என்று எழுந்துவிட்டார். போகும்போது பிருந்தாவின் தலையில் கை வைத்துவிட்டுப் போனார்.

அப்பா துண்டை எடுத்து மறுபடியும் உதறிப் போட்டுக்கொண்டார். கோபமா, அவமானமா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. பிருந்தா பயந்துபோய் சுமதியின் முந்தானைக்குப் பின்னால் நின்றுகொண்டாள். அப்பா உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "ஏ புள்ள, உப்பும் மொளகாயும் எடுத்துட்டு வா."

அக்கா கொண்டுவந்தாள். பிருந்தாவுக்குத்தான் என்று நினைத்து அவளைக் கூப்பிடப் போனாள்.

"அதுக்கு இல்ல. இவனுக்கு" என்றார் அப்பா.

என்னை ஒரு நாற்காலியில் கிழக்கே பார்த்து உட்காரச் சொன்னார். நரைக்கத் தொடங்கிய தலையோடு, பேண்ட் போட்டுக்கொண்டு, நான் உட்கார்ந்தேன். வழக்கமாக அக்கா செய்கிற காரியம். அன்றைக்கு அவரே உப்பு மிளகாயைக் கையில் பொத்திக்கொண்டு, என் தலையை மூன்று சுற்றுச் சுற்றினார்.  வாய்க்குள் என்னவோ சொன்னார். பின்கட்டுக்குப் போய் வெந்தண்ணி அடுப்பில் போட்டுவிட்டு, மூக்கை உறிஞ்சி உறிஞ்சிப் பார்த்தார்.

"பாத்தயா, நெடியே வரல. அத்தன கண்ணு. ஆயிரம் மாடுன்னு சொன்னா சும்மா உடுவாங்களா?" என்றார் யாரிடம் என்று இல்லாமல்.

திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்து, "அம்மணி, இங்க வா" என்றார்.

பிருந்தா மெல்ல வந்தாள். திட்டு விழப்போகிறது என்று நினைத்திருப்பாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

"உங்கப்பனப் பத்தி இன்னும் என்னென்ன தெரியும் உனக்கு?"

அவள் விழித்தாள்.

"நெறைய இருக்குதா?"

தலையை ஆட்டினாள்.

"இருந்தாச் சொல்லு. சத்தமா வேண்டாம். இங்க, காதுல சொல்லு." துண்டை எடுத்துவிட்டுத் தலையைச் சாய்த்துக் காதைக் கொடுத்தார்.

அவள் இரண்டு கையையும் குவித்து வைத்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தாள். எந்த பாஷையில் சொன்னாள் என்று தெரியாது. எனக்கு ஒரு எழுத்தும் கேட்கவில்லை. அப்பா கண்ணை மூடிக்கொண்டு, "ம்... ம்... அப்பறம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஒரு இடத்தில், "அடப் பாவத்த" என்றார். ஒரு இடத்தில் சிரித்தார். அவள் நிறுத்தியபோதெல்லாம், "அப்பறம் என்ன பண்ணுனான்?" என்றார். சுமதி குழம்பை அடுப்பில் விட்டுவிட்டு வந்து நிலையில் சாய்ந்து நின்றாள். அக்காவும் நின்றாள். அவர் இத்தனை ஆசையாக எதையும் கேட்டு நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

சொல்லி முடித்துவிட்டுப் பிருந்தா நேராக என்னிடம் வந்தாள். என் நாற்காலிக் கையில் ஏறி உட்கார்ந்தாள். முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டு, காதை என் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள்.

"இப்ப நீங்க" என்றாள்.

நான் கையைக் குவித்துக்கொண்டேன். எங்கே தொடங்குவது என்று முதலில் தெரியவில்லை. தொடங்கிய பிறகு எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை. பத்து வருஷத்துப் பாக்கி. அவள் நடுவில் ஒரே ஒரு தடவை தலையைத் திருப்பி, "நிஜமாவா?" என்று கேட்டாள். "நிஜமா" என்றேன். மறுபடியும் காதைக் கொடுத்தாள்.

அன்றைக்குச் சாயங்காலம் படிவத்தை எடுத்து வைத்தேன். பிருந்தா பக்கத்தில் உட்கார்ந்து என் ஆங்கிலத்தைத் திருத்தினாள். மூன்று கோட்டில் இடம் போதாமல் பின்பக்கமும் நிரம்பியது. அதில் என்ன எழுதினேன், அவள் காதில் என்ன சொன்னேன் என்று உங்களுக்குச் சொல்வதாக இல்லை. நீங்கள் நல்லவர்கள்தான், என் ஊர்க்காரர்கள்தான். இருந்தாலும் இதைப் படிப்பவர்கள் இத்தனை பேர். பிள்ளைக்குக் கண்ணு பட்டுவிடும்.